மேஜர் லீக் பேஸ்பாலின் வெளிநாட்டு அலுவலகங்கள்: யாருக்காக, எதற்காக?

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைக் கிரிக்கெட்டின் அளவுகோலைக் கொண்டே அளக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு ஐசிசி இருப்பதைப் போல உலக பேஸ்பாலுக்கு மேஜர் லீக் பேஸ்பால் தலைமை அமைப்பு என்றும், சாண்டோ டொமிங்கோ, டோக்கியோ, லண்டன் முதலிய நகரங்களில் உள்ள அதன் அலுவலகங்கள் அந்தந்த நாட்டின் ஆட்டத்தை நிர்வகிக்கின்றன என்றும் சிலர் கருதுகிறார்கள். வேறு சிலர் அவற்றை இளம் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கும் கிளைகளாக நினைக்கிறார்கள். இரண்டுமே பிழை. அந்த அலுவலகங்கள் எந்த நாட்டின் பேஸ்பாலையும் ஆளுவதில்லை. ஓர் ஆட்டக்காரரைக்கூட வாங்குவதுமில்லை. அப்படியானால் அவற்றுக்கு என்ன வேலை என்பதைப் பேஸ்பால் விதிகள் எதுவும் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம். லீக் என்பது யாருடைய சொத்து என்று தெரிந்தால் போதும்.

லீக் யாருடையது?

மேஜர் லீக் பேஸ்பால் 30 அணிகளின் கூட்டமைப்பு. அவற்றுள் 29 அமெரிக்காவில் உள்ளன. எஞ்சிய ஒன்று கனடாவின் டொராண்டோவில் இருக்கிறது. ஒவ்வோர் அணியும் தனிமனிதருக்கோ, முதலீட்டாளர் குழுவுக்கோ, நிறுவனத்துக்கோ சொந்தமான வணிகம். 1876இல் தொடங்கிய நேஷனல் லீக்கும், 1901இல் அதற்குச் சமமான பெரிய லீக்காகத் தன்னை நிறுத்திக்கொண்ட அமெரிக்கன் லீக்கும் நெடுங்காலம் தனித்தனித் தலைவர்களுடன் இயங்கின. 1919ஆம் ஆண்டு இறுதித் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் சிலர் சூதாட்டக்காரர்களுடன் சேர்ந்து தோல்விக்கு வழிசெய்தார்கள் என்ற ஊழல் வெடித்ததும், பொதுமக்களின் நம்பிக்கையை மீட்பதற்காக உரிமையாளர்கள் தங்களுக்கு மேலே ஒருவரை அமர்த்திக்கொள்ள நேர்ந்தது. 1920இல் நீதிபதி கெனசா மவுண்டன் லேண்டிஸ் முதல் கமிஷனரானார். கமிஷனர் என்பவர் அணி உரிமையாளர்கள் வாக்களித்து அமர்த்தும் தலைமை நிர்வாகி. விதிகளை நடைமுறைப்படுத்துதல், ஒப்பந்தங்களை ஏற்றல், தவறு செய்யும் அணிகளைத் தண்டித்தல் ஆகியவை அவருடைய அதிகாரங்கள். 2000இல் இரண்டு லீக்குகளின் நிர்வாகமும் நியூயார்க்கில் உள்ள கமிஷனர் அலுவலகத்துக்குள் இணைக்கப்பட்டது. 2015 ஜனவரி முதல் அந்தப் பதவியில் ராப் மேன்ஃப்ரெட் இருக்கிறார். வெளிநாட்டு அலுவலகங்கள் அனைத்தும் இந்தக் கமிஷனர் அலுவலகத்தின் நீட்சிகளே.

ஐபிஎல்லை அறிந்தவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. ஐபிஎல்லில் போட்டியை உருவாக்கியது இந்தியக் கிரிக்கெட் வாரியம்; அணிகளை நடத்தும் உரிமையைப் பின்னர் அது ஏலத்தில் விற்றது. பேஸ்பாலிலோ அணிகள் முதலில் வந்தன, அலுவலகம் பின்னால் வந்தது. கமிஷனர் எவ்வளவு அதிகாரத்தோடு பேசினாலும், அவரை அமர்த்தியவர்களும் நீக்க வல்லவர்களும் உரிமையாளர்களே. உலக அளவில் பேஸ்பாலுக்கான கூட்டமைப்பு வேறொன்று. 2013இல் பேஸ்பால், சாஃப்ட்பால் கூட்டமைப்புகள் இணைந்து உருவான அது சுவிட்சர்லாந்தில் இருந்து இயங்குகிறது. ஜப்பான், கொரியா, தைவான், மெக்சிகோ ஆகிய நாடுகளின் தொழில்முறை லீக்குகளும் நியூயார்க்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

ஒரு நகரத்தில் 30 ஜவுளிக் கடைக்காரர்கள் சங்கம் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். வாடிக்கையாளரைப் பிடிப்பதில் ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். ஆனாலும் நெசவாளர் ஊரில் முன்பணம் கொடுப்பதில் போட்டி முற்றினால் அனைவருக்கும் செலவு ஏறும் என்பதாலும், போலிச் சரக்கு புகுந்தால் அனைவரின் பெயரும் கெடும் என்பதாலும், சங்கத்தின் பெயரில் அந்த ஊரில் ஒரு கணக்கரை உட்காரவைக்கிறார்கள். தொலைதூரப் பட்டணத்தில் சங்கத்தின் முத்திரையோடு துணியைப் பிரபலப்படுத்த இன்னொருவரை அனுப்புகிறார்கள். இருவருமே சொந்தமாக ஒரு முழம் துணிகூட வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. முன்னவரின் வேலை கண்காணிப்பு. பின்னவரின் வேலை சந்தையை வளர்ப்பது. இருவருக்கும் சம்பளம் ஒரே பெட்டியிலிருந்து வருகிறது.

சுருங்கச் சொன்னால், லீக் என்பது அணி உரிமையாளர்களின் சங்கம். கமிஷனர் அலுவலகம் அதன் செயலகம். வெளிநாட்டு அலுவலகங்கள் அந்தச் செயலகத்தின் பிரதிநிதிகள்.

வெளிநாட்டுப் பணம் எங்கே போகிறது?

ஜப்பானைச் சேர்ந்த நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானி 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தபோது, ஜப்பானில் அவருடைய சட்டைகளை விற்றே அந்த அணி போட்ட பணத்தை எடுத்துவிடும் என்று உலகெங்கும் பேசப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் லீக்கின் நிதி அமைப்பு அப்படி இல்லை. லீக்கின் பெயரில் விற்கப்படும் உரிமங்கள், நாடு தழுவிய ஒளிபரப்பு, வெளிநாட்டு ஒளிபரப்பு ஆகியவற்றின் வருவாய் மத்திய நிதியில் சேர்கிறது. மத்திய நிதி என்பது எந்த அணியால் ஈட்டப்பட்டது என்று பார்க்காமல் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும் பொதுப்பணம். ஆகவே டோக்கியோவின் ஒரு கடையில் ஓட்டானியின் சட்டை விற்றால், அதன் உரிமத் தொகையில் டாட்ஜர்ஸுக்குக் கிடைப்பது முப்பதில் ஒரு பங்கு. அவரை ஒப்பந்தம் செய்ய முயலாத அணிக்கும் அதே பங்குதான்.

டாட்ஜர்ஸுக்கு ஓட்டானியால் தனி லாபம் இல்லையென்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தன் சொந்த அரங்கில் நுழைவுச்சீட்டு விற்பது, அங்குள்ள கடைகளில் பொருள் விற்பது, அரங்கின் விளம்பரப் பலகைகளை ஜப்பானிய நிறுவனங்களுக்குக் கொடுப்பது ஆகியவை அணியின் உள்ளூர் வருவாய். உள்ளூர் வருவாயிலும் ஒரு பகுதி ஏழை அணிகளுக்காகப் பகிரப்படுகிறது என்றாலும், பெரும்பகுதி ஈட்டிய அணியிடமே தங்குகிறது. எனவே பணம் எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு அலுவலகங்கள் வேலை செய்வது பொதுப்பெட்டிக்காக. அவை ஒரு நட்சத்திரத்தை விளம்பரப்படுத்தினாலும் பலன் அனைத்து அணிகளுக்கும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் அரங்கில் ஒருவரையொருவர் வெறுக்கும் அணிகளின் உரிமையாளர்கள் இந்த அலுவலகங்களின் செலவை மறுபேச்சின்றி ஏற்கிறார்கள்.

சாண்டோ டொமிங்கோ: பிறந்த தேதியின் விலை

வெளிநாட்டு அலுவலகங்களில் மிகக் கடினமான வேலையைச் செய்வது, என் கணிப்பில், கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் தலைநகரில் 2000இல் திறக்கப்பட்ட அலுவலகம். மேஜர் லீக்கில் ஆடுவோரில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களுள் டொமினிக்கர்களே மிகுதி. 30 அணிகளுக்கும் அந்த நாட்டில் அகாடமிகள் உள்ளன. அகாடமி என்பது ஒப்பந்தமான இளைஞர்கள் தங்கி, உண்டு, பயின்று, ஆங்கிலமும் கற்கும் வளாகம். 1987இல் டாட்ஜர்ஸ் திறந்த காம்போ லாஸ் பால்மாஸ் வளாகத்தின் வெற்றியைப் பார்த்து மற்ற அணிகளும் அந்த வழியில் முதலீடு செய்தன.

இங்கே அலுவலகம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, ஆட்டக்காரர்கள் அணிகளுக்குள் நுழையும் இரண்டு வாசல்களை அறியவேண்டும். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரீக்கோ ஆகிய இடங்களில் வளரும் இளைஞர்கள் டிராஃப்ட் வழியாக வருகிறார்கள். டிராஃப்ட் என்பது அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை. தேர்ந்தெடுத்த அணியோடு மட்டுமே அந்த ஆட்டக்காரர் பேரம் பேச முடியும். மற்ற நாடுகளின் இளைஞர்களுக்கு அந்த முறை கிடையாது. 16 வயது நிரம்பிய ஒரு டொமினிக்கச் சிறுவன் எந்த அணியோடும் கையெழுத்திடலாம். அப்போது அவனுக்குக் கிடைக்கும் தொகை சைனிங் போனஸ் எனப்படுகிறது. போட்டியில் இந்தத் தொகை கட்டுமீறாதிருக்க, ஒவ்வோர் அணியும் ஓராண்டில் மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025இல் அது ஓர் அணிக்குச் சுமார் 50 லட்சம் டாலரிலிருந்து 75 லட்சம் டாலர் வரை இருந்தது.

இந்த ஏற்பாட்டில் பிறந்த தேதியே பணமாகிவிடுகிறது. 16 வயதில் மணிக்கு 90 மைல் வேகத்தில் பந்தெறிபவன் இன்னும் வளர்வான் என்று அணிகள் எதிர்பார்க்கும். 20 வயதில் அதே வேகத்தில் எறிபவனுக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை, ஆகவே விலையும் இல்லை. வறுமைப்பட்ட குடும்பம் ஒன்றுக்கு, தம்பியின் பிறப்புச் சான்றிதழை அண்ணனுக்குக் கொடுப்பது வாழ்க்கையையே புரட்டிப்போடும் வருமானமாக மாறக்கூடும். வாஷிங்டன் அணி 2006இல் 14 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்த 16 வயது ஆட்டக்காரர், உண்மையில் வேறொரு பெயருடைய 20 வயது இளைஞர் என்பது 2009இல் தெரியவந்தது. கிளீவ்லாந்து அணியில் ஃபாஸ்டோ கார்மோனா என்ற பெயரில் பல ஆண்டுகள் பந்தெறிந்தவர், 2012 ஜனவரியில் விசாவுக்காகச் சாண்டோ டொமிங்கோவின் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்குச் சென்றபோது கைதானார். அவருடைய உண்மைப் பெயர் ராபர்ட்டோ ஹெர்னாண்டெஸ், வயதும் சொன்னதைவிட மூன்று ஆண்டுகள் கூடுதல். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா விசா ஆவணங்களை இறுக்கிப் பார்க்கத் தொடங்கியதும், இப்படிப்பட்ட வயது மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் வெளிச்சத்துக்கு வந்திருந்தன.

ஆகவே சாண்டோ டொமிங்கோ அலுவலகத்தின் அன்றாடம் ஒரு பதிவாளர் அலுவலகத்தையும் ஒரு புலனாய்வுப் பிரிவையும் ஒன்றாகச் சேர்த்ததைப் போன்றது. ஒப்பந்தம் எதிர்பார்க்கும் சிறுவர்கள் முன்கூட்டியே லீக்கில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். பிறப்பு, பள்ளி ஆவணங்கள் சரிபார்க்கப்படும். ஐயம் எழுந்தால் ஊருக்கே சென்று விசாரிப்பார்கள். ஊக்கமருந்துச் சோதனையும் உண்டு. அணியும் ஆட்டக்காரரும் கையெழுத்திட்டாலும், கமிஷனர் அலுவலகம் ஏற்காதவரை அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது. அகாடமிகளில் உணவு, தங்குமிடம், மருத்துவம், கல்வி ஆகியவை குறித்த தரத்தைப் பார்வையிடுவதும் இந்த அலுவலகமே.

அலுவலகத்தின் கை எட்டாத இடமும் இங்கேயே இருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் சிறுவர்களைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே சேர்த்துக்கொண்டு, பயிற்சியும் சாப்பாடும் கொடுத்து, பின்னர் அவர்களுடைய போனஸில் 30 விழுக்காடு, சில வேளை அதற்கும் மேல், எடுத்துக்கொள்ளும் தனியார் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். உள்ளூரில் இவர்களைப் புஸ்கோன் என்கிறார்கள். சிறுவனுக்கு இவர் ஆசிரியர், புரவலர், தரகர் மூன்றுமாக இருக்கிறார். அணிகள் தங்கள் ஸ்கௌட்டுகளை, அதாவது ஆட்டக்காரர்களைக் கண்டறியும் ஊழியர்களை, இவர்களிடம் அனுப்பி, சிறுவர்கள் 16 வயதை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாய்மொழி இசைவு பெற்றுவிடுகின்றன. தாளில் இல்லாத பேச்சை லீக் எப்படித் தடுக்கும்? புஸ்கோன்கள் லீக்கின் ஊழியர்களோ உரிமம் பெற்றவர்களோ அல்லர். 2018இல் தொடங்கப்பட்ட பயிற்சியாளர் கூட்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்வதும் விருப்பத்தைப் பொறுத்ததே.

அணிகள் மீதோ லீக்கின் கை மிக வன்மையாக இறங்கும். உச்சவரம்பை ஏமாற்ற ஒரு வழி உண்டு. ஒரே தரகரிடம் இரண்டு சிறுவர்கள் இருந்தால், திறமை குறைந்தவனுக்கு மிகையான தொகையைக் காகிதத்தில் காட்டி, அந்த உபரியைத் திறமை மிக்கவனிடம் சேர்ப்பிக்கலாம். இத்தகைய விதிமீறல்களுக்காக 2016இல் பாஸ்டன் அணி ஐந்து இளம் ஆட்டக்காரர்களை இழந்தது. 2017இல் அட்லாண்டா அணி பத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அதன் பொதுமேலாளராக இருந்த ஜான் கொப்போலெல்லா நிரந்தரத் தடைக்கு உள்ளானார். அந்தத் தடை 2023இல் நீக்கப்பட்டது.

சிறுவர்களின் நலனைக் காக்கும் அலுவலகமும், அவர்களுக்குக் கொடுக்கும் தொகைக்கு வரம்பு வைத்த உரிமையாளர்களின் அலுவலகமும் ஒன்றே என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படைச் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். அகாடமிகளின் சமையலறை தூய்மையாக இருப்பதில் இரண்டு நோக்கங்களும் ஒத்துப்போகின்றன. போனஸின் அளவில் ஒத்துப்போவதில்லை.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்கவேண்டியது: சாண்டோ டொமிங்கோவில் ஆட்டக்காரரைத் தேடுவதும் வாங்குவதும் அணிகளின் வேலை, யார், என்ன வயது, எவ்வளவு தொகை என்பவற்றைச் சரிபார்ப்பது லீக்கின் வேலை.

டோக்கியோ: அண்டை வீட்டாரோடு உடன்படிக்கை

ஜப்பானுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே 12 அணிகள் கொண்ட, 1950 முதல் இரண்டு லீக்குகளாக இயங்கும், நாட்டின் மிகப் பெரிய பார்வையாளர் விளையாட்டாக விளங்கும் தொழில்முறை அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் தனிக் கமிஷனர் உண்டு. இத்தகைய நாட்டில் நியூயார்க்கின் பிரதிநிதி யாரையும் கண்காணிக்க முடியாது, இணங்கித்தான் போகவேண்டும்.

அந்த இணக்கம் சண்டையிலிருந்து பிறந்தது. நான்காய் ஹாக்ஸ் அணி பயிற்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மசனோரி முராகாமி, 1964இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்காக ஆடி, மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் ஆனார். அவர் யாருக்குச் சொந்தம் என்று இரு அணிகளும் மோதிக்கொண்டன. அதன் விளைவாக, ஒருவர் ஒப்பந்தத்தை மற்றவர் மதிப்பது என்ற உடன்பாடு 1967இல் ஏற்பட்டது. 1995இல் ஹிடேயோ நோமோ ஜப்பானிய விதிகளின்படி ஓய்வு பெற்றதாக அறிவித்துவிட்டு டாட்ஜர்ஸில் சேர்ந்தபோது அந்த உடன்பாட்டில் இருந்த ஓட்டை தெரிந்தது. அதை அடைக்கவே 1998இல் போஸ்டிங் முறை வந்தது. போஸ்டிங் என்பது, ஜப்பானிய அணி ஒன்று தன் ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரரை அமெரிக்க அணிகளோடு பேச அனுமதித்து, அதற்கு ஈடாக விடுவிப்புத் தொகை பெறும் முறை. கோரிக்கை ஜப்பானியக் கமிஷனர் வழியாக நியூயார்க் கமிஷனருக்குச் செல்லும். அவர் 30 அணிகளுக்கும் அறிவிப்பார். அன்றிலிருந்து 45 நாட்களுக்குள் பேரம் முடியவேண்டும்.

முதலில் இது மூடிய ஏலமாக இருந்தது. 2000இல் இச்சிரோ சுசுகியுடன் பேசும் உரிமைக்கு மட்டும் சியாட்டில் அணி சுமார் 1 கோடியே 31 லட்சம் டாலர் கொடுத்தது. 2006இல் டைசுகே மட்சுசாகாவுக்காக பாஸ்டன் அணி 5 கோடியே 11 லட்சம் டாலர் கொடுத்தது. இப்போது தொகை ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது: முதல் 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு 20 விழுக்காடு, அடுத்த 2 கோடியே 50 லட்சத்துக்கு 17.5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 15 விழுக்காடு. யோஷினோபு யமமோட்டோ 2023 இறுதியில் டாட்ஜர்ஸுடன் செய்த ஒப்பந்தம் 32 கோடியே 50 லட்சம் டாலர். அதில் முதல் அடுக்குக்கு 50 லட்சம், இரண்டாம் அடுக்குக்கு 43 லட்சத்து 75 ஆயிரம், மீதமுள்ள 27 கோடியே 50 லட்சத்துக்கு 4 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம். மொத்தம் 5 கோடியே 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர் அவருடைய பழைய அணியான ஓரிக்ஸுக்கு உரியது. இந்தத் தொகை ஆட்டக்காரரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவதில்லை. அமெரிக்க அணி அதைத் தனியாகக் கொடுக்கிறது.

25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு விதி. அவர்கள் டொமினிக்கச் சிறுவர்களுக்கான அதே உச்சவரம்புக்குள் வருகிறார்கள். 2025 ஜனவரியில் 23 வயதான ரோக்கி சசாக்கி டாட்ஜர்ஸிடம் பெற்ற போனஸ் 65 லட்சம் டாலர்; இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் அவருக்கும் அவருடைய அணிக்கும் அதைவிடப் பன்மடங்கு கிடைத்திருக்கும். அந்த ஒரே ஒப்பந்தத்துக்காக டாட்ஜர்ஸ் தன் வரம்பை முழுதும் ஒதுக்கவேண்டி வந்ததால், அந்த அணியோடு வாய்மொழியாக இசைந்திருந்த லத்தீன் அமெரிக்கச் சிறுவர்கள் சிலர் வேறு அணிகளைத் தேடிப்போனார்கள். ஜப்பானில் ஓர் இளைஞர் எடுத்த முடிவு கரீபியத் தீவொன்றின் சிறுவனைப் பாதிக்கும் அளவுக்கு இந்த அமைப்பு ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது.

போஸ்டிங் இரண்டு கமிஷனர்களுக்கு இடையே நடப்பது. டோக்கியோ அலுவலகத்தின் அன்றாட வேலையோ பெரும்பாலும் வணிகம்: ஒளிபரப்பு உடன்பாடுகள், விளம்பரதாரர்கள், உரிமப் பொருட்கள், டோக்கியோ டோம் அரங்கில் நடக்கும் ஆட்டங்கள். 2000இல் சிகாகோ கப்ஸும் நியூயார்க் மெட்ஸும் அங்கே பருவத்தைத் தொடங்கின. 2025 மார்ச்சில் டாட்ஜர்ஸும் கப்ஸும் தொடங்கின.

லண்டன், பெய்ஜிங், புது டெல்லி: ஆட்டமே இல்லாத இடங்கள்

வாங்க ஆட்டக்காரர்களும் இல்லை, இணங்கிப்போக லீக்கும் இல்லை என்றால், அலுவலகத்துக்கு மிஞ்சுவது ஆட்டத்தை அறிமுகப்படுத்தும் வேலை. லண்டன் அலுவலகம் ஐரோப்பாவின் ஒளிபரப்பு, உரிமங்களைப் பார்த்துக்கொள்கிறது. அது மக்கள் கண்ணில் பட்டது 2019 ஜூனில். ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட லண்டன் அரங்கில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் ஆடின. முதல் ஆட்டத்தின் முடிவு 17க்கு 13. கால்பந்துக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் உரிய தரையில் பேஸ்பால் மைதானத்தைப் பொருத்துவதற்குத் தனிப் புல்தரை விரித்து, பந்தெறியும் மேட்டுக்கான களிமண்ணை அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரவேண்டியிருந்தது.

இத்தகைய ஆட்டங்கள் காட்சிப் போட்டிகள் அல்ல. புள்ளிப் பட்டியலில் சேரும் ஆட்டங்கள். எனவே ஓர் அணி தன் சொந்த மண்ணில் ஆடவேண்டிய ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறது. நீண்ட பயணத்துக்கு ஆட்டக்காரர் சங்கமும் இசையவேண்டும். உள்ளூரில் நிகழ்ச்சியை ஏற்று நடத்தும் நிறுவனமும் கிடைக்கவேண்டும். 2025இல் பாரிஸில் நடத்த எண்ணிய ஆட்டங்கள் கைவிடப்பட்டதற்குக் காரணம் இந்தக் கடைசி நிபந்தனை நிறைவேறாததுதான்.

சீனாவில் லீக் பொறுமையான வழியைத் தேர்ந்தது. 2009இல் வூசி நகரிலும், பின்னர் சாங்ஜோ, நான்ஜிங் நகரங்களிலும் பள்ளிகளோடு இணைந்த வளர்ச்சி மையங்களைத் திறந்தது. அவற்றிலிருந்து முதன்முதலாக ஒப்பந்தம் பெற்றவர் சூ குய்யுவான்; 2015இல் பால்டிமோர் அணி அவரைச் சேர்த்தது. அவர் கீழ்நிலை லீக்குகளைத் தாண்டவில்லை. மெக்சிகோ நகரில் 2016இல் அலுவலகம் திறக்கப்பட்டது. அங்கே ஏற்கெனவே லீக்கும் ரசிகர்களும் இருப்பதால் அதன் வேலை டோக்கியோவுக்கு நெருக்கமானது.

இந்தியாவிலும் புது டெல்லியில் ஓர் அலுவலகம் திறந்து, நகரப் பள்ளிகளில் ‘ஃபர்ஸ்ட் பிட்ச்’ என்ற அறிமுகத் திட்டத்தை லீக் நடத்தியது. ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இருவரும் 2008இல் பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்ததை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களைக் கண்டறிந்த பந்தெறியும் போட்டியை நடத்தியவர் அமெரிக்க விளையாட்டு முகவர் ஒருவர்; லீக் அல்ல.

ஆக, டோக்கியோவும் லண்டனும் டெல்லியும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்தாலும், அந்த நாட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதே ஒவ்வொன்றின் வேலையையும் முடிவு செய்கிறது.

அரசுகள் குறுக்கிடும் இடம்

தனியார் சங்கத்தின் விதி எவ்வளவு கறாராக இருந்தாலும், அரசின் ஆணைக்கு முன் அது ஒன்றுமில்லை. கியூபாவின் ஆட்டக்காரர்கள் மேஜர் லீக்குக்கு வர நாட்டைவிட்டுத் தப்பியோடி, கடத்தல்காரர்களின் பிடியில் சிக்கும் நிலை பல ஆண்டுகளாக நீடித்தது. அதைத் தவிர்க்க, ஜப்பானிய முறையைப் போல விடுவிப்புத் தொகையுடன் கூடிய உடன்பாட்டை 2018 டிசம்பரில் லீக்கும் கியூபக் கூட்டமைப்பும் செய்துகொண்டன. நான்கு மாதங்களில், கியூபக் கூட்டமைப்பு அந்நாட்டு அரசின் பகுதி என்று கூறி டிரம்ப் நிர்வாகம் அதை ரத்து செய்தது. 2019 ஆகஸ்டில் வெனிசுவேலா அரசின் மீது அமெரிக்கா தடை விதித்தபோது, தன் அணிகளின் ஆட்டக்காரர்கள் அந்நாட்டின் குளிர்கால லீக்கில் ஆடுவதை மேஜர் லீக் நிறுத்திவைக்க நேர்ந்தது.

மாறக்கூடிய ஒன்று

வெளிநாட்டு இளைஞர்களையும் டிராஃப்ட் முறைக்குள் கொண்டுவர உரிமையாளர்கள் நெடுநாளாக விரும்புகிறார்கள். சிறுவர்களிடம் முன்கூட்டியே வாய்மொழி இசைவு வாங்கும் பழக்கம் அதனால் ஒழியும் என்பது அவர்களுடைய வாதம். எந்த அணி தன்னைத் தேர்ந்தெடுக்கும் என்று தெரியாத சிறுவனிடம் முன்கூட்டிப் பேரம் பேசிப் பயனில்லை. ஆட்டக்காரர் சங்கமோ, அது பேரம் பேசும் உரிமையைப் பறித்து விலையைக் குறைக்கும் என்று சொல்லி 2022 ஜூலையில் லீக் முன்வைத்த திட்டத்தை மறுத்துவிட்டது. இரு தரப்புக்கும் இடையேயான கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சில் இந்தக் கேள்வி மறுபடி மேசைக்கு வரும். திட்டம் நிறைவேறினால் சாண்டோ டொமிங்கோ அலுவலகத்தில் தொகை வரம்பைக் காக்கும் புலனாய்வு குறையும். பிறந்த தேதியைச் சரிபார்க்கும் வேலை குறையாது. தேர்வுப் பட்டியலில் எந்த இடம் கிடைக்கும் என்பதையும் வயதே முடிவு செய்யும்.